ஒரே குழாயில் இரண்டு தலை

எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தவன் பொய் சொல்ல மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நேற்று சமயபுரம் போய், மாரியம்மன் சன்னதிக்கு எதிரே ஒரு பெரிய கட்டிச் சூடத்தை ஏற்றி அணைத்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உள்ளங்கையில் கொப்புளம் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம். இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது. என் பெயர் ஆபத்சகாயம். திருச்சியில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கண்டக்டர் பொய் சொன்னால் எழுபது பேர் அதே இடத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதால் எனக்கு அந்தப் பழக்கமே வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உலகத்தில் ஹீலியம் தீர்ந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் அழுதவர்கள் பலூன் வியாபாரிகள். அடுத்து நோயாளிகள். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் இருக்கும் ராட்சசக் காந்தத்தைக் குளிர வைக்க அந்த வாயுதான் வேண்டுமாம். அது இல்லாமல் ஊர் ஊராகக் காந்தங்களை அணைத்தார்கள். இலவசமாக எடுக்கிற இடங்களில் வரிசை அடுத்த தீபாவளியைத் தாண்டிப் போயிற்று. காசுக்கு எடுக்கிற இடங்களில் மூளைக்கு ஒரு ஸ்கேன் எடுக்கும் பணத்தில் ஸ்கூட்டர் வாங்கலாம் என்றானது. முதுகுத்தண்டு என்றால் ஸ்கூட்டரோடு ஹெல்மெட்டும். நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கிற கான்ட்ராஸ்ட் என்றால் பெட்ரோலும் போட்டுக்கொண்டு கொடைக்கானல் போய்வரலாம்.

ஆட்டோவையே ஆறு பேர் பங்கு போட்டுப் போகிற ஊர் நம்முடையது. ஷேர் ஸ்கேன் வந்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். அகலக் குழாயின் ஒரு வாசல் வழியாக ஒருவரை நுழைப்பார்கள், மறு வாசல் வழியாக இன்னொருவரை. நடுவில் உச்சந்தலையும் உச்சந்தலையும் முட்டிக்கொள்ளும். ஓட்டம் ஒன்று, மூளை இரண்டு. தில்லைநகரில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்த ஸ்கேன் சென்டரில், மெஸ்ஸில் முழுச் சாப்பாடு, அளவுச் சாப்பாடு என்று எழுதி வைப்பதுபோல, 'தனி', 'ஷேர்' என்று இரண்டு விலை எழுதிய பலகை தொங்கியது.

எனக்குக் காலையில் எழுந்தால் தலைவலி, பின்னாலேயே வாந்தி. டாக்டர் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு, "மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க. சாதாரண சி.டி.யில இது சரியாத் தெரியாது" என்றார். ஓய்வூதியத்தில் ஷேருக்குத்தான் வழி இருந்தது.

ஸ்கேன் அறை வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் மூன்றாவது நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள். விரிசல் தொடையைக் கடிக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் குழாயும் அதில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்களும் தெரியும், முகம் தெரியாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேள்வி கேட்டவள் பர்வீன் என்ற பெண். மெஷினை ஓட்டுகிறவள் அவள்தான்.

"ஐயா, உடம்புல கம்பி, தகடு, இரும்புத்துண்டு ஏதாவது?"

"இல்லம்மா."

"நெஞ்சுல பேஸ்மேக்கர்?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அது வெச்சவங்க இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. காந்தம் அதை நிறுத்திரும், கூடவே ஆளையும் நிறுத்திரும்."

"ஏம்மா, நெஞ்சுல மெஷின் வெச்சவன் அதை மறப்பானா?"

வெள்ளி அரைஞாண் கொடியைக் கழற்றச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் கட்டியது, வயிறு வளர்ந்து கொக்கி வெளியே வர மறுத்தது. கத்தரிக்கோலால் வெட்டினாள். என்னோடு ஷேருக்கு வந்திருந்த ஆள் அதைப் பார்த்துச் சிரித்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். பாலக்கரைக்காரன், பெயர் சவரிமுத்து. வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. விரல் இடுக்கெல்லாம் வெள்ளைச் சிமென்ட். கழுத்தில் மாதா படம் தைத்த துணி உத்திரியம். அது துணி என்பதால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் மனைவி ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரமானாலும் பேசாதீங்க" என்றாள் பர்வீன். "அசையவும் கூடாது. ரொம்ப முடியலைன்னா மட்டும் கையில இருக்கற பந்தை அமுக்குங்க. அமுக்குனா நிறுத்திருவேன். ஆனா பணம் திரும்ப வராது."

படுத்தோம். உள்ளே தள்ளினாள். என் வழுக்கையில் அவனுடைய முடி உரசியது, தென்னந்துடைப்பம் மாதிரி.

சத்தத்தை எப்படிச் சொல்ல? பழுதான கியர் பாக்ஸோடு மலைக்கோட்டைப் படியில் பஸ் ஏறினால் கேட்கும் சத்தம். அது ஓய்ந்த இடைவெளியில் அவன் மூச்சு கேட்டது. குழியில் விழுந்த ஆட்டின் மூச்சு.

"பெரியவரே, என்னால முடியல. அமுக்கிரப் போறேன்."

அமுக்கினால் இரண்டு பேர் காசும் போயிற்று. அவன் வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் சேர்த்த காசோ. நான் என்ன செய்வேன்? பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவனைக் கேட்பதைக் கேட்டேன்.

"எந்தூரு தம்பி?"

"பாலக்கரைங்க. பொறந்தது லால்குடி."

"லால்குடில எங்க? பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டு பொண்ணு. பெரியவ கெட்டிக்காரி. சின்னவ என்னைய மாதிரி."

தலை அசையாமல் வாயை மட்டும் அசைப்பது கண்டக்டருக்குப் பெரிய விஷயமில்லை. உச்சந்தலை ஒட்டியிருந்ததால் பேச்சு காது வழியாகப் போகாமல் எலும்பு வழியாகவே போயிற்று. கொள்ளிடம் பாலத்தில் என் பஸ்ஸில் ஒரு முதலை ஏறிய கதையைச் சொன்னேன். வெள்ள நேரம். பின் வாசல் வழியாக ஏறி, பெண்கள் சீட்டில் படுத்துக்கொண்டது. ஆள் டிக்கெட் போடுவதா, லக்கேஜ் போடுவதா என்று எனக்கும் டிரைவருக்கும் தகராறு.

"என்ன போட்டீங்க?"

"அரை டிக்கெட். வயசு கேட்டேன், வாயைத் தொறந்து காட்டுச்சு. பால் பல்லு."

அவன் சிரிப்பை அடக்கினான். அசையாமல் சிரிக்க முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். வயிறு மட்டும் குலுங்கும். பந்தை அமுக்கவில்லை. ஸ்கேன் முடிந்து வெளியே வந்தபோது அவன் என்னை "ஐயா" என்றான், நான் அவனை "டேய்" என்றேன்.

அங்கேதான் கெட்டது.

ரிசல்ட் வாங்கப் போன அன்று சென்டர் டாக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார். மேஜை மேல் ஒரே படம்.

"கட்டி ஒண்ணு இருக்கு. புளியங்கொட்டை அளவு. எடுக்கக்கூடிய இடத்துலதான் இருக்கு. ஆனா தள்ளிப்போட்டா முதல்ல பார்வை போகும், அப்புறம் ஆளே."

"யாருக்குங்க?" என்றான் சவரிமுத்து.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுதான் தெரியல. கட்டி ஒண்ணு, தலை ரெண்டு. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தலைவலி, ஒரே மாதிரி வாந்தி. ஒருத்தருக்குக் கட்டினால வருது, இன்னொருத்தருக்கு வேற எதனாலயோ வருது."

பர்வீனை வரவழைத்து விளக்கச் சொன்னார். அவள் நின்றபடியே பேசினாள். முகத்தில் ரத்தமில்லை.

"ஷேர்ல ரெண்டு தலையும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துதான் படம் வரும் ஐயா. அதைப் பிரிக்கறது இதயத் துடிப்பை வெச்சு. ஒவ்வொரு துடிப்புக்கும் மூளை கொஞ்சூண்டு அசையும். என் துடிப்பு வேற, உங்க துடிப்பு வேற. இந்தத் தாளத்துக்கு ஆடறதெல்லாம் இவருது, அந்தத் தாளத்துக்கு ஆடறதெல்லாம் அவருதுன்னு மெஷின் பிரிச்சிரும். உங்க ரெண்டு பேருக்கும் முதல்ல வேற வேறதான் இருந்துச்சு. பாதியில ஒண்ணாயிருச்சு. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் பிரியவே இல்ல."

"எப்படிம்மா ஒண்ணாகும்?"

"கிட்டப் படுத்துக்கிட்டு ஒரே கதையைக் கேட்டா ஆகும். அதனாலதான் புருஷன் பொண்டாட்டி, அண்ணன் தம்பியை ஒண்ணாப் போடறதில்ல. அந்நியங்களாத்தான் இருக்கணும். பேசாதீங்கன்னு சொன்னேனே ஐயா."

அந்த மெஷினைச் செய்த தேசத்தில் அந்நியர் என்றால் கடைசி வரை அந்நியராகவே இருப்பார்களாம். பக்கத்தில் உட்கார்ந்தால் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்க மாட்டார்களாம். திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஜங்ஷனில் இறங்குவதற்குள் சம்பந்தம் பேசி முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

"நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சவங்களா இருந்தா இந்த வம்பே இல்ல" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "கடிகாரம் மாதிரி தன் பாட்டுக்கு அடிக்கும், யாரோடயும் சேராது. ஆனா அவங்களை உள்ள விட முடியாதே."

ஆபரேஷனுக்குக் காப்பீடு உண்டு. ஆனால் ரிப்போர்ட்டில் ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசினார். "உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வந்து, இன்னார் கட்டின்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பாகப்பிரிவினை மாதிரிதான்" என்றார்.

அந்தக் கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து நாங்கள் மூவரும் பாகம் பிரித்தோம்.

"ஐயா பேரையே எழுதுங்க" என்றான் சவரிமுத்து. "பெரியவங்க. முதல்ல நீங்க பொழைங்க."

"எழுதிட்டு, அது உன் தலையில இருந்தா?"

"அப்ப என் பேரு."

"உன் மண்டையைத் தொறந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு மூடிருவாங்க. திறந்த மண்டைக்கு என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும். இங்க என் கண்ணு போயிட்டிருக்கும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியம் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. 'நான் கிழவன், சாகிறேன், நீ போ' என்று சொல்லிவிடலாம். ஆனால் சொல்லி என்ன பயன்? கட்டி அவன் தலையில் இருந்தால்தானே நான் விட்டுக்கொடுப்பது அவனுக்கு உபயோகப்படும். தியாகம் செய்வதற்குக்கூட யாருடைய நோய் என்று முதலில் தெரிய வேண்டியிருந்தது.

ஜெசிந்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. மனசுல வெச்சுக்க முடியல. அது உங்க தலையில இருக்கணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

"ஏய்" என்றான் சவரிமுத்து.

"விடுடா. நானும் வேண்டிக்கிட்டேன்மா, உன் புருஷன் தலையில இருக்கணும்னு. சமயபுரத்தாகிட்ட. ஆத்தாளும் மாதாவும் அவங்களுக்குள்ள பேசித் தீத்துக்கட்டும்."

அவள் அழுதபடி சிரித்தாள். பிறகு சிரிப்பு போய் அழுகை மட்டும் மிஞ்சியது.

அசைந்துவிட்டதால் படம் கெட்டால் ஒரு முறை இலவசமாகத் திரும்ப எடுக்கலாம் என்று அந்த சென்டரில் ஒரு விதி இருந்தது. நாங்கள் அசையவில்லை. பர்வீன் அசைந்ததாக எழுதினாள். "ஒரே ஒரு தடவைதான் ஐயா. இதுலயும் ஒண்ணாயிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். ஹீலியமும் அந்த வாரத்தோடு சரி, அடுத்த வாரம் காந்தத்தை அணைக்கப் போகிறார்கள் என்றாள்.

எப்படிப் பிரிவது? சண்டை போட்டுப் பார்க்கலாம் என்று ஜெசிந்தாதான் யோசனை சொன்னாள். பர்வீன் எங்கள் இருவர் விரலிலும் நாடி பார்க்கிற கிளிப்பை மாட்டினாள். டீக்கடை வாசலில் நின்று ஒருவரையொருவர் வைதோம்.

"யோவ் கெழவா, உன் வாயி சும்மா இருந்திருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

"நீ பொட்டப்புள்ள மாதிரி ஊளையிட்டதாலதானேடா பேசினேன்."

"முதலையாம், பால் பல்லாம். உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, புளுகு மூட்டை."

நெஞ்சைக் குத்துகிற மாதிரிதான் இருந்தது. கடைசியில் நான் அவன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும். பர்வீன் இரண்டு கிளிப்பையும் பார்த்தாள். இரண்டும் கைகோத்து மாடி ஏறியிருந்தன, ஒரே எண்ணில் நின்றன.

"கோவத்துலயும் சேந்துதான் போறீங்க" என்றாள். "ஒருத்தர் தூங்கிட்டா துடிப்பு தானா இறங்கும். ஆனா அந்தச் சத்தத்துல இதுவரைக்கும் யாரும் தூங்கினதில்ல. மயக்க ஊசின்னா அதுக்குத் தனியா டாக்டர் வரணும், அந்தக் காசுக்குத் தனி ஸ்கேனே எடுத்துரலாம்."

மறுபடி படுத்தோம். மறுபடி துடைப்பம் வழுக்கையில் உரசியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். அதே மூன்றாவது நாற்காலி.

"ஐயா, கதை வேணாம்" என்றான் சவரிமுத்து. "சொன்னீங்கன்னா செத்தோம்."

"சொல்லல."

மெஷின் அலற ஆரம்பித்தது. அவன் மூச்சு பழையபடி குழிக்குள் விழுந்தது. கதை சொல்லக் கூடாது, சும்மா இருந்தாலோ பந்தை அமுக்கிவிடுவான். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. என் வாழ்நாளில் நான் சொன்னதிலேயே கலப்படமில்லாத உண்மை ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு எத்தனையோ ஆயிரம் பேர் தூங்கியிருக்கிறார்கள். இறங்க வேண்டிய இடம் தாண்டி எழுந்து என்னைத் திட்டியிருக்கிறார்கள்.

"ஸ்ரீரங்கம்" என்றேன், ராகமில்லாமல். "அம்மாமண்டபம். மாம்பழச்சாலை. காவிரிப் பாலம், பாலத்துல நிக்காது. சத்திரம். சத்திரம் இறங்கு. மெயின்கார்டு கேட். மரக்கடை. பாலக்கரை. ஜங்ஷன்."

"ஐயா?"

"ஜங்ஷன் கிளம்பு. பாலக்கரை. மரக்கடை. மெயின்கார்டு கேட்."

போனோம், வந்தோம். படியில் நிற்காதே, உள்ளே போ, சில்லறையைக் கையில் வை. எத்தனை நடை என்று எண்ணவில்லை. அவன் முந்தைய நாள் முழுக்க யாரோ வீட்டு மாடியில் முட்டி போட்டு வேலை செய்துவிட்டு வந்தவன். ஒரு காவிரிப் பாலத்தின் மேல் அவனுடைய மூச்சு நீண்டது. சத்திரத்தில் குறட்டையாகத் தொடங்கியது. உச்சந்தலை வழியாக அது எனக்குள் இறங்கியது. அவன் பந்தைப் பிடித்திருந்த கை தளர்ந்திருக்க வேண்டும்.

அவன் இறங்கிவிட்டான். பஸ்ஸில் நான் மட்டும்.

அதுவரை எனக்குப் பயம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பேசிக்கொண்டிருக்கிறவனுக்குப் பயம் வருவதில்லை. இப்போது பேச்சை நிறுத்தினால் அவன் விழித்துவிடுவான் என்று உதடு ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருக்க, நெஞ்சு கதவை உடைக்கிற மாதிரி அடித்தது. கேட்க யாருமில்லாமல் பேசுவது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்தது. எழுந்திரடா, என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதேடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. "மரக்கடை" என்றேன். "பாலக்கரை. பாலக்கரை இறங்கறவங்க இறங்குங்க."

வெளியே இழுத்தபோதும் அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

பர்வீன் திரையைப் பார்த்தாள். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா எழுந்து நின்றாள், ஜெபமாலை கையில் அப்படியே இருந்தது. பர்வீன் திரும்பி என்னைத்தான் பார்த்தாள்.

"பிரிஞ்சிருச்சு ஐயா" என்றாள். "உங்களுது. அவர் தலை சுத்தமா இருக்கு."

ஆத்தாளும் மாதாவும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். தீர்ப்பு எனக்கு. ஜெசிந்தா என் காலைத் தொட வந்தாள், தடுத்துவிட்டேன். சவரிமுத்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஜங்ஷன் வந்திருச்சாய்யா?" என்றான்.

அவன் தலைவலிக்குக் கண்ணாடி போட்டதும் சரியாயிற்று. எனக்கு ஆபரேஷன் நடந்தது, கட்டி வெளியே வந்துவிட்டது, இதோ உட்கார்ந்து எழுதுகிறேன். வழுக்கையில் தழும்பு எங்கே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில்: இப்போதெல்லாம் தையல் அவ்வளவு சன்னமாகப் போடுகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு திரும்பியதும் அவன் வந்து, ஒரு பைசா வாங்காமல் என் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினான். நீல நிறம். தண்ணீர் ஒரு சொட்டுத் தேங்காது. கதவோரத்தில் மட்டும் மூன்று கல் பாக்கி இருக்கிறது. சிமென்ட் காயட்டும், நாளைக்கு வந்து ஒட்டுகிறேன் என்று போனான். வேலை அதிகம்போல. வருவான். வேறு ஆளை வைத்து ஒட்டிவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், நான் விடவில்லை. ஜெசிந்தா அவ்வப்போது பெண்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். சின்னவளுக்கு முதலைக் கதை பிடிக்கும். எத்தனை தடவை சொன்னாலும் அரை டிக்கெட்டா என்று கேட்பாள், அப்பாவைப் போலவே வயிறு மட்டும் குலுங்கச் சிரிப்பாள். ஜெசிந்தா மட்டும் குளியலறைப் பக்கம் போவதில்லை.

இப்படித்தான் நடந்தது. சூடம் அணைத்த கை சாட்சி.

எனக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்துப் பத்து வருடம் ஆகிறது.